வானிலை ஆப் பச்சை காட்டியும் ட்ரோன் தடுமாறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

ட்ரோன் வைத்திருப்பவர்களில் வானிலை பார்க்காமல் கிளம்புகிறவர்கள் குறைவு. ஆப்பைத் திறக்கிறோம். காற்று 14 கி.மீ., மழை வாய்ப்பு 10 சதவீதம், சூரியன் மறைவது 6:21 என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம். அப்படியும் மேலே போன ட்ரோன் திரும்ப முடியாமல் திணறுகிறது. மழை இல்லை என்று சொன்ன மாலையில் புழுதிக்காற்று வந்து அடிக்கிறது. வெளிச்சம் இருக்கும் என்று நம்பிய நேரத்தில் இருட்டிவிடுகிறது.

ஆப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அது காட்டிய எண் எந்த உயரத்துக்கு, எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு உரியது? பெரும்பாலான சிக்கல்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்று உங்கள் ட்ரோனுக்குப் பொருந்தாததால் வருகின்றன. எது பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள வரிசை. 250 கிராமிலிருந்து ஒரு கிலோ வரையிலான கேமரா ட்ரோன்களையும், தமிழ்நாட்டு வானிலையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ட்ரோன் இப்போது மேலே இருக்கிறது, வீடு திரும்ப மறுக்கிறது என்றால், நேராக இரண்டாவது அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

தரையில் இலைகூட அசையவில்லை, 80 மீட்டரில் 'பலத்த காற்று' எச்சரிக்கை வருகிறது

முதல் சந்தேகம் உயரம். வானிலை ஆப்கள் காட்டும் காற்று, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்டது. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். மரமும் வீடும் தரையும் காற்றை இழுத்துப் பிடிப்பதால் கீழே வேகம் குறைகிறது, மேலே போகப்போகக் கூடுகிறது. திறந்த வெளியில் 100 மீட்டர் உயரத்துக் காற்று, 10 மீட்டர் காற்றைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு இருக்கும். 40 மீட்டரில் 1.2 மடங்கு.

ஆப்பில் மணிக்கு 20 கி.மீ. என்று இருந்தால் 100 மீட்டரில் 28 கி.மீ. எதிர்பாருங்கள். 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 7.8 மீட்டர். சிறிய கேமரா ட்ரோன்கள் பலவற்றின் கையேட்டில் தாங்கும் காற்று என்று வினாடிக்கு 10.7 மீட்டர் போட்டிருப்பார்கள். 7.8 அதற்குள்தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் 7.8 என்பது சராசரி. கஸ்ட், அதாவது இடையிடையே திடீரென்று எகிறும் காற்றின் வேகம், என்று ஆப்பில் தனி வரியில் இருக்கும் எண்ணையும் அதே மடங்கில் பெருக்கிப் பாருங்கள். நான் கடைப்பிடிக்கும் அளவு இது: பறக்கும் உயரத்தில் எதிர்பார்க்கும் கஸ்ட், கையேட்டு அளவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் அந்த உயரம் வேண்டாம். 10.7 மீட்டர் ட்ரோனுக்கு அது சுமார் 7 மீட்டர், அதாவது மணிக்கு 25 கி.மீ. கையேட்டு எண் என்பது ட்ரோன் ஓரிடத்தில் நிற்பதற்கான எல்லை. எதிர்காற்றில் வீடு திரும்பவும் பலம் மிச்சம் வேண்டும்.

விடியற்காலையில் இந்த 1.4 மடங்கையும் நம்ப முடியாது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துப் படுத்துவிடும். மேலே ஓடும் காற்று அதன் மீது வழுக்கிக்கொண்டு போகும். கீழே அமைதி, 100 மீட்டரில் தனி ஓட்டம். வெயில் ஏறி 8, 9 மணிக்குக் காற்று கலக்க ஆரம்பித்ததும் மேலே இருந்த வேகம் தரைக்கு இறங்கும். காலை 6 மணிக்கு அசையாத தென்னை ஓலை 9 மணிக்கு ஆடுவதற்குக் காரணம் இதுதான். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசிப் பக்கமும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமும் இது மிகக் கடுமையாக இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தரையில் நின்று காற்றைக் கணிப்பதில் பயனே இல்லை. காற்றாலைகளை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே அவற்றின் இறக்கை சுற்றும் உயரம்தான் உங்கள் ட்ரோனும் பறக்கும் உயரம்.

சரிபார்க்க: விண்டி போன்ற ஆப்பில் உயரத்தை 100 மீட்டருக்கு மாற்றலாம். மாற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். களத்தில் 30 மீட்டரில் ஒரு நிமிடம், 60 மீட்டரில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஓரிடத்தில் நிற்கும்போதே ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அது சாயும் திசையிலிருந்துதான் காற்று வருகிறது. சாய்வு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டும் மண்டலத்தில் 120 மீட்டர் வரை அனுமதி உண்டு. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வளையத்தில் 60 மீட்டர் வரைதான். டிஜிட்டல் ஸ்கை என்ற அந்த வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். சட்டம் தரும் 120 மீட்டரை வானிலை எல்லா நாளும் தருவதில்லை.

போகும்போது பறந்தது, திரும்பும்போது நகரவே இல்லை

ட்ரோன் மேலே இருந்தால் முதலில் செய்ய வேண்டியவை:

உயரத்தைக் குறையுங்கள். கீழே மரம், கம்பி, கோபுரம் இல்லை என்று தெரிந்தால் 30 மீட்டருக்கு இறக்குங்கள். எதிர்காற்று உடனே குறையும்.

ரிட்டர்ன் டு ஹோம் பொத்தானை அழுத்தியிருந்தால் ரத்து செய்யுங்கள். பல ட்ரோன்களில் அது முதலில் முன்பே குறித்துவைத்த உயரத்துக்கு ஏறும், பிறகுதான் திரும்பும். ஏறினால் காற்று இன்னும் கூடும். தடைகள் இல்லாத வெளியில் கையாலேயே ஓட்டுவது மேல்.

ஸ்போர்ட் மோடுக்கு மாற்றுங்கள். பல மாடல்களில் தடை உணரும் சென்சார் அந்த மோடில் வேலை செய்யாது, அதை மறக்க வேண்டாம்.

ட்ரோனின் முகத்தை நேராக வீட்டுப் பக்கம், அதாவது அது கிளம்பிய இடத்துப் பக்கம் திருப்பி, திரையில் தரைவேகத்தையும் தூரத்தையும் பாருங்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் எத்தனை வினாடி என்று தெரியும். பேட்டரி அதற்குப் போதாது என்றால் திரும்பும் முயற்சியை உடனே விட்டுவிடுங்கள். காற்று போகும் திசையிலேயே ஒரு வெட்டவெளியைத் தேர்ந்து, 20, 25 சதவீதம் பேட்டரி இருக்கும்போதே இறக்கி, வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டு நடந்து போய் எடுங்கள். கடைசி 5 சதவீதம் வரை எதிர்காற்றோடு மல்லுக்கட்டினால், அது எங்கே இறங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. கீழே குளம் இருக்கலாம், ரோடு இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம்.

அப்புறம் ஏன் இப்படி ஆனது என்று கணக்குப் போடலாம். ட்ரோன் காற்றுக்குள் வினாடிக்கு 12 மீட்டர் போகக்கூடியது, காற்றோ 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் தரைவேகம் 20 வரை ஏறும், ஒரு கி.மீ. போக 50 வினாடி. எதிர்த்துத் திரும்பினால் தரைவேகம் 4, அதே ஒரு கி.மீ.க்கு 250 வினாடி. நான்கு நிமிடத்துக்கும் மேல், அதுவும் மோட்டார் முழு பலத்தில். காற்று 8-லிருந்து 10 ஆனால் 500 வினாடி. இரண்டே மீட்டர் கூடியதற்கு நேரம் இரட்டிப்பாகிறது. அதனால்தான் கஸ்ட் எண்ணை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நிரந்தரத் தீர்வு ஒன்றுதான்: முதல் பாதியை எப்போதும் காற்றை எதிர்த்துப் பறக்கவிடுங்கள். திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும்.

கிழக்குக் கடற்கரையில் இதற்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடலுக்கு மேல் அனுப்புவது மிக எளிதாக இருக்கும். திரும்புவது முழுக்க எதிர்காற்று. கீழே இறக்க இடமும் கிடையாது. அந்த மாதங்களில் காலை நேரக் கடல் படப்பிடிப்பை, கரையை ஒட்டியே முடித்துக்கொள்வதுதான் என் ஆலோசனை.

மழை இல்லை என்றது ஆப், திடீரென்று புழுதிக்காற்று, பத்து நிமிடத்தில் மழை

ட்ரோனுக்கு இதைவிட ஆபத்தான நிலைமை நம் ஊரில் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

காலையில் பார்த்த மழை வாய்ப்பு ஒரு கணினி மாடல் சொன்னது. உலக மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. ஐரோப்பிய மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாடலில் சுமார் 13 கி.மீ. ஏப்ரல், மே மாத வெப்பச்சலன இடிமேகம் ஒன்றின் அகலமே சில கி.மீ.தான். அது எந்த ஊருக்கு மேல், எத்தனை மணிக்கு எழும் என்று அந்தக் கட்டத்துக்குள் அடக்க முடியாது. 10 சதவீதம் என்று போட்டிருந்தால், இதே மாதிரி பத்து நாள் வந்தால் அதில் ஒரு நாள் நனைவோம் என்று அர்த்தம். மழை பெய்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

மழைக்கு முன் வருவதுதான் ட்ரோனைச் சாய்க்கிறது. இடிமேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று தரையில் வந்து மோதி, நாலா பக்கமும் பரவும். இந்தக் குளிர்காற்றின் முனை மேகத்தைவிட்டு 15, 20 கி.மீ. முன்னால்கூட ஓடி வரும். உங்கள் தலைக்கு மேல் நீல வானமும் வெயிலும் இருக்கும்போதே அது வந்து சேரும். வறண்ட நிலத்தில் புழுதிச் சுவராகத் தெரியும். பசுமையான இடத்தில் எதுவும் தெரியாது, தூரத்து மரங்கள் ஆடுவது மட்டும் தெரியும்.

ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் பறக்கப் போகிறீர்கள் என்றால் மாடலை மூடி வைத்துவிட்டு, வேறு மூன்றைத் திறங்கள்.

முதலாவது, இந்திய வானிலை ஆய்வு மையத்தின் நவ்காஸ்ட். அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக நிறம் கொடுத்து வெளியிடுகிறார்கள். மஞ்சள்தானே என்று விட்டுவிட வேண்டாம். 'மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் காற்று' என்ற வரி அதில் இருந்தால், 40 என்பது வினாடிக்கு 11.1 மீட்டர். சிறிய ட்ரோனின் எல்லையை மஞ்சள் நிறத்திலேயே தாண்டிவிட்டது. அந்த நிறங்கள் பொதுமக்களுக்கானவை. ட்ரோனுக்கு மஞ்சளே சிவப்பு.

இரண்டாவது, டாப்ளர் ராடார் படம். சென்னையிலும் காரைக்காலிலும் ராடார்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்து மாவட்டங்களுக்குக் கொச்சி, திருவனந்தபுரம் ராடார்களையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் மேகம் எங்கே இருந்தது என்று மட்டும்தான் தெரியும். அசையும் வரிசையாகப் பார்த்தால்தான் எங்கே போகிறது என்று தெரியும். கணக்கு இப்படி: உங்களை நோக்கி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு மேகக் கூட்டம் வருகிறது, படத்தில் 20 கி.மீ. தொலைவில் தெரிகிறது. 40 நிமிடம் இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் படம் உங்கள் கைக்கு வரும்போது அதற்கு 10, 15 நிமிட வயதாகியிருக்கும். அதற்குள் மேகம் 5 கி.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும். அதன் குளிர்காற்று முனை இன்னும் 10 கி.மீ. முன்னால் இருக்கலாம். மிச்சம் இருப்பது சில நிமிடங்கள். அதனால் 30 கி.மீ.க்குள் சிவப்பு, ஆரஞ்சு நிற எதிரொலி (ராடார் படத்தில் கனத்த மழைமேகத்தைக் காட்டும் திட்டு) உங்களை நோக்கி நகர்ந்தால் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே மேலே இருந்தால் இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி ஆப். உங்களைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று காட்டும். ராடார் எட்டாத உள்மாவட்டங்களில் இதுவே பெரிய துணை.

இணையம் இல்லாத இடத்தில் கண்ணும் காதும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் வினாடிகளை மூன்றால் வகுத்தால் கி.மீ. தூரம். ஆனால் ட்ரோனைப் பொறுத்தவரை அந்தக் கணக்குக்கே வேலை இல்லை. இடிச்சத்தம் சுமார் 15 கி.மீ. வரைதான் கேட்கும். காதில் விழுந்துவிட்டது என்றால் குளிர்காற்று எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இறக்குங்கள். வெக்கையான மாலையில் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் பட்டாலும் அதேதான். மழை வாசனை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் குணம் வேறு. கடலிலிருந்து மழைமேகங்கள் வரிசையாக வந்து, கால் மணி நேரம் கொட்டிவிட்டு, வெயில் அடித்து, மறுபடி வரும். கடலோரத்தில் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் அதிகம். அந்த இடைவெளிகளில் பறக்கவிடலாம், ஆனால் ராடார் படம் கையில் இருந்தால் மட்டும்.

நண்பகல் வரை நன்றாக இருந்தது, அப்புறம் காற்றின் திசையே மாறிவிட்டது

கடலோரத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் கடற்காற்று உள்ளே நுழைந்துவிட்டது. காலையில் மேற்கிலிருந்து வீசிய காற்று, கிழக்கு அல்லது தென்கிழக்குக்குத் திரும்பும். வெப்பம் சில பாகை குறையும், காற்றில் ஈரம் ஏறும். சென்னையில் சாதாரண நாளில் இது முற்பகல் முடியும் நேரத்தில் நடக்கும். மே, ஜூன் மாதங்களில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் பிற்பகல் ஒரு மணி, இரண்டு மணி வரை தள்ளிப்போகும். அந்த நாட்களில்தான் வெப்பம் 40 பாகையைத் தொடுகிறது.

இரண்டு காற்றும் சந்திக்கும் கோட்டில் காற்று மேல்நோக்கி எழும், கலங்கும். அது உங்களைக் கடக்கும் கால் மணி நேரம் ட்ரோனைத் தரையில் வைத்துவிடுங்கள். பிறகு காற்று சீராக வீசும், பறக்கவிடலாம். ஆனால் திசை மாறிவிட்டதால், காலையில் போட்ட 'எதிர்காற்றில் போ, பின்காற்றில் வா' திட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் மாலையும் இரவும் பெய்யும் இடிமழைக்கு இந்தக் கோடு தூண்டுகோல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உள்மாவட்டம் என்றால், வெயில் காலத்தில் 11 மணியிலிருந்து 3 மணி வரை சூடான காற்றுக் குமிழ்கள் மேலே எழும். சராசரிக் காற்று குறைவாக இருந்தாலும் ட்ரோன் ஏறி இறங்கித் துள்ளும். உழுத வயல், செங்கல் சூளை, தார் ரோடு ஆகியவற்றுக்கு மேலே அதிகம். இதற்கு ஒரே மாற்று நேரத்தை மாற்றுவது.

இரண்டு ஆப் இரண்டு எண் சொல்கிறது

முதலில் அலகைப் பாருங்கள். 10 நாட் என்றால் மணிக்கு 18.5 கி.மீ., வினாடிக்கு 5.1 மீட்டர். வினாடிக்கு 10 மீட்டர் என்றால் மணிக்கு 36 கி.மீ. மூன்று ஆப்பிலும் '10' என்று இருந்தாலும் ஒன்றில் தாராளமாகப் பறக்கலாம், இன்னொன்றில் தொடவே கூடாது. எல்லா ஆப்பையும் வினாடிக்கு மீட்டர் என்ற அலகுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். கையேடும் அதில்தான் இருக்கிறது.

அடுத்து நேரம். விமான நிலைய அறிக்கைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அதில் 0900 என்றால் நமக்குப் பிற்பகல் 2:30.

அலகும் நேரமும் சரி, இருந்தும் எண்கள் வேறு என்றால் மாடல் வேறு. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நாளில் நம்பலாம். ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்கு சொன்னால் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு பக்கத்து விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையைப் பாருங்கள். அது கணிப்பு அல்ல, கருவி அளந்த எண். மீனம்பாக்கம், கோவை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகியவற்றுக்குக் கிடைக்கும். 'காற்று 240 பாகை, 15 நாட், கஸ்ட் 27' என்று இருந்தால், காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. சராசரி வினாடிக்கு 7.7 மீட்டர். கஸ்ட் 13.9. சராசரியைப் பார்த்தால் பறக்கலாம் போலத் தோன்றும். கஸ்ட்டைப் பார்த்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சூரியன் மறைய நேரம் இருக்கிறது என்றது ஆப், ஆனால் இருட்டிவிட்டது

மேற்கே மலை இருக்கிறதா? ஆப் சொல்லும் அஸ்தமனம், தடையே இல்லாத சமமான தொடுவானத்துக்குக் கணக்கிட்டது. தேனி, கம்பம், பொள்ளாச்சி, தென்காசி போன்ற ஊர்களில் மலைக்குப் பின்னால் சூரியன் முன்பே போய்விடும். எவ்வளவு முன்பு என்பதைக் கையாலேயே அளக்கலாம். கையை முழுக்க நீட்டி, முஷ்டியை மடக்கித் தொடுவானத்தில் வைத்தால் அதன் உயரம் சுமார் 10 பாகை. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். மலை அரை முஷ்டி உயரம் என்றால் 20 நிமிடம், ஒரு முஷ்டி என்றால் 40 நிமிடம் முன்னதாக நிழல் விழும். முந்தின நாளே போய் அளந்து வைப்பது நல்லது.

மலை இல்லை என்றால் ஊரைப் பாருங்கள். சென்னை நேரத்தை வைத்துக் கோவையில் திட்டம் போட்டால் பிழை வரும். கிழக்கு மேற்காக ஒரு பாகைக்கு 4 நிமிட வித்தியாசம். சென்னையைவிடக் கோவையில் ஏறக்குறைய 13 நிமிடம் தாமதமாக மறையும், பருவத்தைப் பொறுத்துச் சில நிமிடம் கூடும், குறையும்.

ஆண்டு முழுக்க 'ஆறே கால் வரை வெளிச்சம்' என்று நினைப்பதும் பலரை ஏமாற்றுகிறது. சென்னையில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் 6:39 வாக்கில் மறைகிறது. நவம்பர் பிற்பாதியில் 5:39 வாக்கிலேயே போய்விடுகிறது. பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும், மிகச் சீக்கிரம் மறைவது நவம்பரில்தான். அதுதான் நமக்கு மழைமேகம் மூடியிருக்கும் மாதமும்கூட. கல்யாணப் படப்பிடிப்பில் ட்ரோன் எடுப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் மாலை வரவேற்புக்கு ஆட்கள் வந்து சேரும்போது வெளிச்சம் போயிருக்கும்.

மறைந்த பிறகு எவ்வளவு நேரம்? சூரியன் தொடுவானத்துக்கு 6 பாகை கீழே போகும் வரையிலான அந்தி வெளிச்சம் நம்மிடம் 21 முதல் 23 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதம் அது முக்கால் மணி நேரம் நீளும். ஐரோப்பியர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து அந்திப் படப்பிடிப்புக்குத் திட்டமிட்டால், இங்கே பாதியிலேயே வெளிச்சம் தீர்ந்துவிடும்.

அந்தியில் இறக்கும்போது ட்ரோன் பக்கவாட்டில் நழுவுகிறது

காற்று இல்லை, ஜிபிஎஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் தரைக்கு அருகே வந்ததும் ஒரு பக்கம் போகிறது என்றால், கீழே பார்க்கும் கேமரா சென்சாருக்கு வெளிச்சம் போதவில்லை. பல கையேடுகளில் இதற்குக் குறைந்தது 15 லக்ஸ் வேண்டும் என்று இருக்கும். தெளிந்த வானில் சூரியன் மறையும் கணத்தில் வெளிச்சம் சுமார் 400 லக்ஸ். அந்தி முடியும்போது 3 லக்ஸ் அளவுதான். அதாவது மறைந்து கால் மணி நேரத்துக்குள் சென்சார் குருடாகத் தொடங்கும். மேகமூட்டத்திலும் மரத்தடியிலும் அதற்கு முன்னாலேயே. தடை உணரும் சென்சார்களுக்கும் இதே கதைதான், கம்பியையும் கிளையையும் அவை பார்க்காது.

தீர்வு: சூரியன் மறைந்த பத்து நிமிடத்துக்குள் இறக்கி முடிக்கும்படி திட்டமிடுங்கள். நேரம் தவறிவிட்டால், இறங்கும் இடத்தில் நல்ல டார்ச் அல்லது காரின் முகப்பு விளக்கை அடித்து, வெறும் சிமென்ட் தரையைத் தவிர்த்து, கோடும் வடிவமும் உள்ள விரிப்பின் மேல் மெதுவாக இறக்குங்கள்.

மலையில் சில நிமிடத்தில் வெண்மை மூடிவிட்டது, லென்ஸில் நீர் கோத்துவிட்டது

ஆப்பில் பனி நிலை (டியூ பாயின்ட், காற்றில் உள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பம்) என்ற எண்ணைத் தேடுங்கள். காற்றின் வெப்பத்திலிருந்து அதைக் கழித்து, 125-ஆல் பெருக்கினால், பகலில் எழும் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகத் தெரியும். சமவெளியில் 32-க்கும் 24-க்கும் வித்தியாசம் 8, மேகம் 1,000 மீட்டரில். கவலை இல்லை. ஊட்டியில் 18-க்கும் 17-க்கும் வித்தியாசம் 1, மேகம் 125 மீட்டரில். ட்ரோன் பறக்கும் உயரமே அது. வித்தியாசம் 2-க்குக் கீழே இருந்தால் மலையில் ஏற்ற வேண்டாம். பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலேறும் பிற்பகலைவிட, அதிகாலை முடிந்து வெயில் வந்த முதல் இரண்டு மணி நேரம் பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

மூடிவிட்டால் பக்கவாட்டில் தேடி அலைய வேண்டாம். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நேராக இறக்குங்கள். தெரியாவிட்டால், வீட்டுப் புள்ளிக்கு (ட்ரோன் கிளம்பிய இடத்துக்கு) மேலே உள்ள மலைச்சரிவையும் தாண்டும் உயரம் ரிட்டர்ன் டு ஹோமில் குறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை அழுத்துங்கள்.

சமவெளியில் மார்கழி, தை விடியலில் வானம் தெளிந்து காற்றும் இல்லாத இரவுக்குப் பிறகு மூடுபனி வரும். போகியன்று சென்னையில் புகையும் சேர்ந்துகொள்ளும். அன்று காலை பறக்கவிடும் எண்ணமே வேண்டாம். ஏசி அறையிலிருந்து நேராக ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்த ட்ரோனின் லென்ஸில் நீர் கோக்கும். அரை மணி நேரம் பெட்டியோடு வெளியே வைத்தால் போதும்.

வெப்ப எச்சரிக்கை

ஆப் 38 பாகை என்றால் அது நிழலில் அளந்தது. கத்திரி வெயிலில் தார்த் தரை அதைவிட வெகு சூடு. பல ட்ரோன்களின் எல்லை 40 பாகை. பேட்டரியைக் காரில் பூட்டி வைக்காதீர்கள், நிழலிலிருந்து எடுத்து உடனே ஏற்றுங்கள்.

கேபி எண் சிவப்பில் இருக்கிறது, பறக்கலாமா?

பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண் அது. 5-ஐத் தொட்டால் காந்தப் புயல். துருவத்துக்கு அருகில் உள்ளவர்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாடு காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, அந்தக் கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே ஓடுகிறது. நம்மைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் வேறொன்று: சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழ்கள் எழுந்து ஜிபிஎஸ் சிக்னலை மினுங்க வைக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். கேபி எண் 1 என்று பச்சையாக இருக்கும் இரவிலும் வரும்.

அதனால் கேபி சிவப்பு என்றால் பகலிலும் ஒரு முறை செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பார்த்து, வீட்டுப் புள்ளி பதிவானதும் ஏற்றி, கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேபி பச்சை என்பதற்காக இரவு 8 மணிக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி ஏற்ற வேண்டாம். திரையில் செயற்கைக்கோள் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், ஜிபிஎஸ் இல்லாமல் கையால் நிறுத்திப் பழகியவர் தவிர மற்றவர்கள் அன்று பேட்டரியைக் கழற்றிவிடலாம்.